பூட்டன் போட்டது பாணா, குண்டா?

தோட்டக்காரி (கேம்பிரிட்ஜ் பக்கம்)
சனி இரவு

எல்லாருக்கும் வணக்கம். நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் யாழ்ப்பாணம், கொக்குவில். கட்டினது இங்கிலாந்துக்காரரை. அவருடைய அம்மப்பா இரண்டாம் உலகப் போரில் லங்காஸ்டர் விமானத்தில் ரியர் கன்னர். வால் நுனியில் ஒரு கூண்டு, அதற்குள் தனியாளாக நாலு துப்பாக்கிகளோடு இருந்தவர். நான் மருமகளாக வந்தபோது மனுஷன் உயிரோடு இல்லை. ஆனால் அவரைப் பற்றி வீட்டில் ஒரு கதை இருந்தது. ஒன்றே ஒன்றுதான். கிறிஸ்மஸ் மேசையில் வருஷம் தவறாமல் யாராவது எடுப்பார்கள்: தாத்தா ஒல்லாந்துக்காரருக்கு வானத்தில் இருந்து பாண் போட்டவர்.

அது பொய்யில்லை. 1945 ஏப்ரல் கடைசியில் மேற்கு ஒல்லாந்து இன்னும் ஜெர்மன்காரர் கையில். சனம் ட்யூலிப் கிழங்கை அவித்துத் தின்ற நேரம். ஏப்ரல் 29 தொடங்கி மே 8 வரை லங்காஸ்டர்கள் தாழப் பறந்து சாக்குச் சாக்காக உணவைக் கொட்டின. ஜெர்மன்காரர் சுடுவதில்லை என்று பேச்சு. கீழே ஆட்கள் படுக்கை விரிப்புகளை எடுத்து ஆட்டினார்கள். ஒரு வயலில் ட்யூலிப் பூக்களாலேயே நன்றி என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பூ எழுத்தைச் சொல்லும்போது மட்டும் தாத்தாவுக்குக் குரல் மாறும் என்று மாமி சொல்லுவார்.

போன மாதம் மாமி சின்ன வீட்டுக்கு மாறினார். சாமான் ஒதுக்கும்போது ஒரு பிஸ்கட் டின். உள்ளே அவருடைய பறப்புப் பதிவுப் புத்தகம். கடைசிப் பக்கத்தில் மூன்று வரி, உணவு போட்ட பயணங்கள். கதையில் வருகிற மூன்று வரியும் அவைதான். அதற்கு முன்னால் முப்பத்தொரு வரி இருக்கிறது. சிலது சிவப்பு மை, சிலது பச்சை மை. ஒவ்வொன்றிலும் ஒரு ஊர்ப் பெயர். டூயிஸ்பேர்க், கொலோன், டோர்ட்முண்ட். நடுவில் ஒன்று: 5.12.44, ஹம். அதையும் கடைசியில் ஒரு எம் குறைய, சாப்பிடுகிற ஹாம் மாதிரி எழுதி வைத்திருக்கிறார்.

ஜெர்மனியில் அந்த ஹம்மில் என் சித்தி மகள் இருக்கிறாள். காமாட்சி அம்மன் தேருக்கு இரண்டு தரம் போயிருக்கிறேன். கச்சான் கடை எந்தப் பக்கம் போடுவார்கள் என்பது வரை தெரிந்த ஊர்.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இருந்தேன். 'என்ன யோசனை' என்று இவர் கேட்டார். இவருக்கு எப்படிச் சொல்வது? பள்ளிக்கூடம் போகத் தொடங்குமுன்பே எனக்குத் தெரிந்த சொல் பொம்மர், குண்டு போடுகிற விமானம். முற்றத்து மாமரத்துக்குக் கீழே பங்கர். மேலே பனங்குற்றி, அதன் மேல் மண்மூட்டை. சத்தம் கேட்டால் அம்மம்மா முதலில் அடுப்பை அணைப்பா, பிறகுதான் எங்களைக் கூப்பிடுவா. பொம்மரை நான் கீழே இருந்துதான் பார்த்திருக்கிறேன். அதற்குள்ளே ஆட்கள் இருக்கிறார்கள் என்ற நினைப்பே அப்போது வந்ததில்லை.

மகனுக்கு ஒன்பது வயது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு ஒரே கேள்வி: 'அப்போ பூட்டன் பாண் போட்டவரா, குண்டு போட்டவரா?'

இப்படிப் பழைய விமானக்காரர் யாராவது உங்கள் வீடுகளிலும் இருந்தால் எழுதுங்கள். உங்கள் வீட்டில் என்ன கதை மிஞ்சியது, எது மிஞ்சவில்லை என்று அறிய ஆசை.


பழைய ஏர்மேன் (தாம்பரம்)
ஞாயிறு காலை

மேடம், நான் இந்திய விமானப்படையில் தரைப்பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். லாக் புக் படிக்கிற பழக்கம் உண்டு. சில விஷயங்கள் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். போட்டது பாண் இல்லை, மாவு. முட்டைப் பொடி, பால் பொடி, சர்க்கரை, சாக்லேட்டும் இருந்தது. ஸ்வீடனிலிருந்து கப்பலில் மாவு வந்து அதில் சுட்ட வெள்ளை ரொட்டி சில மாதம் முன்பே ஒல்லாந்தில் கொடுத்தார்கள். அங்கே இரண்டு கதையும் ஒன்றாகக் கலந்துவிட்டது. உங்கள் வீட்டிலும் அதே போலத்தான் ஆகியிருக்கும்.

மை விஷயம். சிவப்பு என்றால் இரவுப் பறப்பு. பச்சை பகலில் போன தாக்குதல். டிசம்பர் 5 பச்சையில் இருக்க வேண்டும், சரிதானே? அன்று பகலில்தான் ஹம் மீது 94 லங்காஸ்டர்கள் போயின. எல்லாம் 3ஆம் குரூப். உங்கள் பக்கத்து நிலையங்கள் பலவும் அந்தக் குரூப்பில்தான் இருந்தன. ஜி.எச். என்றொரு ரேடியோ கருவி வைத்திருந்தார்கள். தரையில் உள்ள இரண்டு நிலையங்களிலிருந்து தூரத்தை அளந்து, மேகத்துக்கு மேலேயே இருந்துகொண்டு குண்டை விடலாம். எல்லா விமானத்திலும் அந்தக் கருவி கிடையாது. இருந்த விமானத்துக்கு வால் துடுப்பில் இரண்டு மஞ்சள் பட்டை. மற்றது அதன் பின்னாலேயே போய், அது விடும்போது விட வேண்டும். ஆக அன்றைக்குப் போனவர்களில் பலர் ஊரைக் கண்ணாலேயே பார்த்திருக்க மாட்டார்கள். ஹம்மில் பெரிய ரயில் யார்டு. குறி அதுதான்.

ஏழு பேர் குழு: பைலட், நேவிகேட்டர், பாம் எய்மர், ஃப்ளைட் இன்ஜினியர், வயர்லெஸ் ஆபரேட்டர், இரண்டு கன்னர்கள். முப்பது தாக்குதல் போனால் ஒரு டூர், அதற்கப்புறம் ஓய்வு. போர் முடிகிற கட்டத்தில் அந்த எண்ணிக்கையைக் கூட்டினார்கள். உங்கள் தாத்தாவுக்கு முப்பத்தொன்று இருப்பது அதனால்தான்.

ரியர் கன்னர் இடம் மிக மோசம். நடுவானில் மைனஸ் நாற்பது வரை போகும். மின்சாரத்தில் சூடேறும் உடை உண்டு, அது பாதி நாள் வேலை செய்யாது. கண்ணாடியில் ஒரு தூசி இருந்தால் எதிரி விமானம் போலத் தெரியும் என்று, முன் கண்ணாடியையே கழற்றிவிட்டுக் காற்றில் உட்கார்ந்தவர்கள் நிறையப் பேர். ஏழு எட்டு மணி நேரம் திரும்பிப் பார்த்தபடியே. குண்டு விடுகிற பட்டன் அவர் கையில் இல்லை. பையனிடம் அதைச் சொல்லலாம்.

பிரிட்டிஷ் குண்டு விமானப் பிரிவான பாம்பர் கமாண்டில் பறந்தவர்கள் ஏறத்தாழ 1,25,000 பேர். செத்தவர்கள் 55,573. அதாவது நூற்றுக்கு நாற்பத்து நாலு.


கேள்விக்குறி
ஞாயிறு மதியம்

பட்டன் அவர் கையில் இல்லையாம். களவெடுக்கப் போனவன், நான் வாசலில் காவல் நின்றேன், உள்ளே போகவில்லை என்று சொன்ன மாதிரி இருக்கிறது.


தோட்டக்காரி
ஞாயிறு மதியம்

சரிதான். அதைச் சொல்லி மகனைச் சமாளிக்க எனக்கும் மனமில்லை. ஏர்மேன் ஐயா, மை விளக்கத்துக்கு நன்றி. டிசம்பர் 5 பச்சைதான்.


ரொறன்ரோ மாமா
ஞாயிறு இரவு

பிள்ளை, எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. மகள் முடித்தது வெள்ளைக்காரப் பொடியனை. கலியாணத்தன்று அவனுடைய பாட்டி சட்டைக் கழுத்தில் ஒரு தங்கப் புழு குத்தியிருந்தா. சின்ன விரல் நகம் அளவுதான். கண் இரண்டும் சிவப்புக் கல். என் மனுசி அதைப் பார்த்துவிட்டு, இவைக்கு நகை செய்யத் தெரியாதோ, போயும் போயும் மயிர்க்கொட்டியையோ என்று என் காதுக்குள் சொன்னா.

பிறகுதான் விளங்கியது. பரசூட்டில் குதித்து உயிர் தப்பின ஆட்களுக்கு, அந்தப் பரசூட் செய்த இர்வின் கொம்பனி கொடுக்கிற ஊசி அது. பட்டுப் புழு. அந்த நாளில் பரசூட் பட்டில்தானே. தங்கள் சங்கத்துக்கே புழுவின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள்.

பொடியனின் தாத்தா கனேடிய 6ஆம் குரூப். யோர்க்‌ஷயரில் இருந்து ஹாலிஃபாக்ஸில் போனவர். 1944 மார்ச் 30 இரவு நியூரம்பேர்க். ஏர்மேன் ஐயாவுக்குத் தெரிந்திருக்கும். பாதி நிலா வெளிச்சம், நேர் கோட்டில் நீண்ட பாதை, 795 விமானம் போய் 95 திரும்பி வரவில்லை. இவர் குதித்தார், பிடிபட்டார், போர்க்கைதி. 1945 மாரியில் ரஷ்யர்கள் நெருங்க, கைதிகளைப் பனிக்குள்ளால் மேற்கே நடத்திக்கொண்டு போனார்கள். கிழமைக்கணக்கில் நடை. வீட்டில் அவர் சொன்னது இதில் ஒன்றுமில்லை. தாத்தா பாண் கரையை எறிய விடமாட்டார், கோட்டுப் பொக்கற்றில் எப்போதும் ஒரு துண்டு இருக்கும், அதுதான் பேரனுக்குத் தெரிந்த போர். இப்போது என் பேத்தி பீட்சாக் கரையை விட்டால் அவன் ஒரு பார்வை பார்ப்பான். ஏன் பார்க்கிறான் என்று அவனுக்கே தெரியாது போல.

கேள்விக்குறி தம்பிக்கும் ஒன்று சொல்கிறேன். நீங்கள் கேட்கிற கேள்வியை இந்த நாடு கேட்டு முடித்துவிட்டது என்று நினைக்காதேயுங்கோ. ஒட்டாவாவில் போர் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஒரு பலகையில், இந்தக் குண்டுவீச்சு சரியா என்ற சர்ச்சை இன்னும் தீரவில்லை, ஜெர்மனியில் ஆறு லட்சம் பேர் செத்தார்கள், போர்த் தளவாட உற்பத்தி கடைசிக் காலம் வரை பெரிதாகக் குறையவில்லை என்று எழுதியிருந்தார்கள். உயிரோடு இருந்த விமானக்காரர்கள் கொதித்துப் போனார்கள். கனடாவில் மட்டும் ஏறத்தாழ பத்தாயிரம் பேரைக் குடுத்திருக்கிறோம், எங்களைக் கொலைகாரர் என்கிறீர்களா என்று. செனட் வரை போய், 2007இல் எழுத்தை மாற்றினார்கள். பழைய எழுத்தில் இருந்தது பொய்யில்லை என்பது என் எண்ணம். ஆனால் எண்பத்தைந்து வயதில் பேரனோடு வந்து நின்று அதை வாசித்த மனுசனின் முகத்தையும் நினைக்க வேண்டியிருக்கிறது.

இங்கே ஹமில்டனில் இன்னும் பறக்கிற லங்காஸ்டர் ஒன்று இருக்கிறது. உலகத்திலேயே பறக்கிற நிலையில் இரண்டுதான், மற்றது இங்கிலாந்தில். ஹமில்டன் விமானம் மைனார்ஸ்கி என்ற வினிப்பெக் பொடியனின் நினைவாக நிற்கிறது. விமானம் எரியும்போது வால் கூண்டுக்குள் சிக்கின கூட்டாளியை எடுக்கக் கோடரியாலும் கையாலும் அடித்துப் பார்த்தவன். உடுப்பில் தீ. முடியவில்லை. நேராக நின்று சல்யூட் அடித்துவிட்டுக் குதித்தான், செத்தான். உள்ளே சிக்கினவன் விமானம் தரையில் மோதியும் தப்பிவிட்டான்! அவன் உயிரோடு வந்து சொன்னபடியால்தான் இது வெளியே தெரியும். 1946இல் விக்டோரியா சிலுவை கொடுத்தார்கள். கோடையில் அந்த விமானம் எங்கள் வீட்டுக்கு மேலாலும் போகும். நாலு இஞ்சின். என் மனுசி இன்றைக்கும் உள்ளே வந்து கதவைச் சாத்துவா.


தோட்டக்காரி
ஞாயிறு இரவு

மாமா, கடைசி வரியை இவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். இங்கேயும் கோடையில் மற்ற லங்காஸ்டர் பறக்கும். நான் ஏன் தோட்டத்தில் இருந்து உள்ளே வருகிறேன் என்று பதினான்கு வருஷமாக இவர் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.


பலாலிப் பேரன் (இணுவில்)
திங்கள் காலை

இங்கிலாந்து, கனடா எல்லாம் சரி. நம்முடைய ஊரிலேயே குண்டு விமானக்காரர் இருந்தார்கள் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

பலாலி ஓடுபாதை அந்தப் போரில் வெள்ளைக்காரன் போட்டது. அவர்கள் காகிதத்தில் காங்கேசன்துறை நிலையம் என்று இருக்கும். 160ஆம் ஸ்குவாட்ரன், லிபரேட்டர் விமானங்கள். சிகிரியாவில் இருந்தார்கள், பிறகு இங்கே, பிறகு மின்னேரியா. கனடாப் பொடியள் நிறையப் பேர் அதில். சுமாத்திராவுக்கும் மலாயாவுக்கும் போவார்கள். 1945 மார்ச்சில் மின்னேரியாவில் இருந்து கிளம்பி சிங்கப்பூர்க் கடலில் கண்ணிவெடி போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். போக வர மூவாயிரம் மைலுக்கு மேல், இருபது மணி நேரத்துக்கும் கூடுதல். அந்தப் போரிலேயே மிக நீண்ட பறப்புகளில் அதுவும் ஒன்று.

எங்கள் அப்பு ஓடுபாதைக்குக் கல் உடைத்தவர். பிறகு முகாமுக்கு முட்டையும் வாழைப்பழமும் கொண்டுபோய்க் கொடுத்தவர். ஒரு வெள்ளைக்காரப் பொடியன், மீசையே சரியாக முளைக்காதவன், பெரிய புகையிலைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு இது என்ன கீரை என்று சைகையில் கேட்டானாம். அப்பு ஒரு இலையைச் சுருட்டிக் கொடுக்க, இரண்டு இழுவை இழுத்துவிட்டு இருமி இருமி வரம்பில் இருந்துவிட்டான். அடுத்த நாள் துவக்குச் சன்னம் வைக்கிற இரும்புப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான், வெறும் பெட்டி. பிறகு ஆள் வரவில்லை. மாற்றலாகிப் போனானோ, கடலுக்குள் போனானோ, அப்புவுக்குச் சொல்ல ஆளில்லை. கேட்கிற பாஷையும் அவரிடம் இல்லை.

அந்தப் பெட்டிக்குள் வெங்காய விதை போட்டு வைப்போம். மூடினால் எறும்பு போகாது. 1990 ஆனியில் சண்டைக்குப் பயந்து ஊரோடு எழும்பினபோது பெட்டியை எடுக்கவில்லை. விதைப் பெட்டியை யார் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்? காணி திரும்பக் கிடைத்து நான் போய்ப் பார்த்தபோது கிணறு மட்டும் இருந்தது.

அந்தக் கனடாப் பொடியனின் வீட்டிலும் யாராவது புகையிலைக் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார்களோ என்று நினைப்பதுண்டு.


பழைய ஏர்மேன்
திங்கள் காலை

இலங்கை பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு வார்த்தை. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பானியர் கொழும்பைத் தாக்கினார்கள். 9ஆம் தேதி திருகோணமலை. அதே 9ஆம் தேதி கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலில் இருந்து 11ஆம் ஸ்குவாட்ரன் ப்ளென்ஹைம் விமானங்கள் கிளம்பி ஜப்பானியக் கப்பல் படை மீது குண்டு போட்டன. ஒன்பது தாக்கின, ஐந்து திரும்பவில்லை. ஒரு குண்டும் கப்பலில் படவில்லை. அதனாலேயோ என்னவோ, இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இன்னொன்று. இங்கிலாந்தில் இருந்து பறந்த குண்டு விமானங்களிலும் நம்மவர் இருந்தார்கள். சுக்தங்கர் என்ற இந்திய நேவிகேட்டர் லங்காஸ்டரில் பறந்து டி.எஃப்.சி. என்ற வீரப் பதக்கம் வாங்கினார். இலங்கையின் ரோஹன் அமரசேகர அதே பதக்கத்தை இரண்டு தடவை வாங்கியவர். பின்னால் இலங்கை விமானப்படைக்குத் தளபதியாகவே வந்தார்.


அல்சூர் பையன் (பெங்களூரு)
திங்கள் மாலை

லிபரேட்டர் என்றதும் ஓடி வந்தேன்! அப்பா எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் ஃபிட்டர். போர் முடிந்ததும் பிரிட்டிஷ்காரன் கான்பூரில் நூற்றுக்கு மேல் லிபரேட்டர்களை விட்டுவிட்டுப் போனான். சும்மா விடவில்லை, இன்ஜினுக்குள் மணல், மீட்டர் எல்லாம் உடைத்து, உடம்பில் கடப்பாரைக் குத்து. இவன்களால் இனி பறக்க வைக்க முடியாது என்று நினைப்பு. அதில் நாற்பதுக்கும் மேல் சரிசெய்தார்கள். அரைகுறையாக ஒட்டின விமானத்தைக் கான்பூரில் இருந்து பெங்களூர் வரை ஓட்டிக்கொண்டு வந்தவர் ஜம்ஷெட் முன்ஷி என்ற டெஸ்ட் பைலட். 1968 வரை நம் விமானப்படையில் ஓடியது.

அப்பா சொன்ன ஒன்று. ஒரு விமானத்தின் உள் தகட்டில், கன்னர் நிற்கிற ஜன்னல் பக்கம், யாரோ ஆணியால் கோடு கீறியிருந்தான். ஐந்தைந்தாக, ஜெயிலில் கீறுவது மாதிரி. கீழே ஒரு பெண் பெயர். பெயிண்ட் அடிக்கும்முன் தேய்த்துவிடு என்று மேஸ்திரி சொன்னார். அப்பா கோட்டைத் தேய்த்தார், பெயரை விட்டுவிட்டார். ஏன்ப்பா என்றால், 'அது அவன் வீட்டு விஷயம்' என்பார்.


ரொறன்ரோ மாமா
திங்கள் இரவு

தம்பி அல்சூர், ஒட்டாவா விமான அருங்காட்சியகத்தில் நிற்கிற லிபரேட்டர் இந்தியாவில் இருந்து வந்ததுதான். 1968இல் கொண்டுவந்தார்கள், பதிலுக்கு இங்கேயிருந்து ஒரு லைசாண்டர் விமானம் அங்கே போனது. அடுத்த தரம் போகும்போது ஜன்னல் பக்கம் எட்டிப் பார்க்கிறேன். உள்ளே ஏற விடமாட்டார்கள், ஆனாலும் ரோர்ச் அடித்துப் பார்க்கலாம்.


ஹம் வாசி
செவ்வாய் இரவு

அக்கா, மூன்று நாளாக வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். எழுதுவதா விடுவதா என்று யோசனை.

நான் ஹம்முக்கு வந்து இருபத்தேழு வருஷம். இந்த ஊரில் குண்டு இன்னும் முடியவில்லை. வீடு கட்டத் தோண்டினால், கேபிள் புதைக்கத் தோண்டினால், ஒன்று வரும். எங்கள் தெருவை இரண்டு தரம் எழுப்பியிருக்கிறார்கள். வாசலில் மணி அடித்து, பாஸ்போர்ட், மருந்து, பிள்ளைக்கு உடுப்பு, பள்ளிக்கூட மண்டபத்துக்கு வாருங்கள் என்பார்கள். பழகின வேலை என்றபடியால் எங்கள் சனம்தான் முதலில் ஆயத்தமாக நிற்கும். ஜெர்மன் அயலவர் பூனையைத் தேடிக்கொண்டிருக்க, நாங்கள் பையோடு படியில் நிற்போம். சில குண்டுகளில் நேரம் கழித்து வெடிக்கிற பொறி. இரசாயனம் மெதுவாக ஒரு தட்டைக் கரைத்து வெடிக்க வைக்க வேண்டும். எண்பது வருஷமாகக் கரைந்துகொண்டே கிடக்கிறது. அதைத்தான் மிகப் பயம் என்பார்கள்.

மோனே அணையை எல்லாருக்கும் தெரியும், கோடையில் கொத்துரொட்டி கட்டிக்கொண்டு போய்க் குளிக்கிற இடம். 1943 மேயில் உடைத்தார்கள். போன 133 விமானக்காரரில் 53 பேர் அன்றிரவே செத்தார்கள், வீரக் கதையாக உலகம் முழுக்கத் தெரியும். கீழே நேஹைமில் முள்வேலிக்குள் வைத்திருந்த சோவியத் நாட்டுப் பெண்கள், கட்டாய வேலைக்குக் கொண்டுவந்தவர்கள், நூற்றுக்கணக்கில் வெள்ளத்தில் போனது அவ்வளவு தெரியாது. ஓட வழியில்லை, வேலி.

சரி, சொல்ல வந்தது வேறு. எங்கள் மாடிக்குக் கீழே ஒரு அம்மா இருக்கிறா. 1936இல் பிறந்தவ. நான் வந்த புதிதில் ஜெர்மன் ஒரு சொல்லும் பிடிபடாது. அவ எனக்குப் பாஷை பழக்கினவ. அவ பேசியதில் எனக்கு முதலில் விளங்கின சொல் 'புங்கர்'. எங்களிடமும் பங்கர் இருக்கிறது என்று கையால் காட்டினேன். அவ விழுந்து விழுந்து சிரித்தா, பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டா.

அக்கா எழுதின திகதியைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. ஏனென்றால் அந்தத் திகதி எனக்குத் தெரியும். ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 5 பின்னேரம் ஜெர்மன் பிள்ளைகள் சப்பாத்தைத் துடைத்து வாசலில் வைப்பார்கள், இரவு நிக்கோலஸ் வந்து இனிப்புப் போடுவார் என்று. எங்கள் பிள்ளைகளும் வைப்பார்கள். கீழ்வீட்டு அம்மா எல்லாருடைய சப்பாத்துக்குள்ளும் சாக்லேட் போடுவா, தன் வாசலில் மட்டும் ஒன்றும் வைக்கமாட்டா. ஒரு வருஷம் என் சின்னவள் கேட்டுவிட்டாள். அவவுக்கு எட்டு வயதில், காலையில் இருந்து சப்பாத்தைத் துடைத்து மினுக்கி வைத்திருந்திருக்கிறா. பகல் சைரன் அடித்தது. தாய் கையைப் பிடித்து இழுக்க, வீட்டுச் செருப்போடு பங்கருக்கு ஓடினா. திரும்பி வந்தபோது தெரு இல்லை. செருப்போடுதான் அந்த மாரி முழுக்க. அவவுக்குச் சாவை விட, வீட்டை விட, அந்தச் சப்பாத்து. துடைத்து மினுக்கினது வீணாகிப் போச்சே என்பா.

அவவின் அண்ணன்மார் இரண்டு பேரும் கிழக்கே ரஷ்யாப் பக்கம் போரில் நின்றவர்கள். அங்கே என்ன செய்தார்கள் என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை என்பதையும் அவவேதான் சொன்னா.

நேற்று அவவிடம் அக்காவின் கதையைச் சொன்னேன். சொல்லாமல் விட முடியவில்லை. மன்னியுங்கள்.


தோட்டக்காரி
செவ்வாய் இரவு

மன்னிப்பெல்லாம் எதற்குத் தம்பி? என்ன சொன்னா?


ஹம் வாசி
செவ்வாய் இரவு

ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தைப் பார்க்கலாமா என்று கேட்டா.


கேள்விக்குறி
புதன் காலை

நான் ஞாயிறு எழுதினதை அழிக்கப் போவதில்லை. ஆனால் ஏன் அப்படி எழுதினேன் என்று சொல்லலாம்.

சகடை என்று சொன்னால் இங்கே ஊர்க்காரருக்கு விளங்கும். மற்றவர்களுக்கு: மெதுவாக, மேலே வட்டமடித்து, கதவால் பீப்பாயை உருட்டி விடுகிற விமானம். அது எங்கள் வளவுக்குள் உருட்டி விட்டது. அம்மா போனா. நான் அப்போது கடைக்குப் போயிருந்தேன், மண்ணெண்ணெய் வாங்க.

இந்த இழையை வாசிக்க வாசிக்க ஒன்றுதான் ஓடியது. சகடையை ஓட்டினவனுக்கும் இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கும். அவன் வீட்டிலும் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். அவனும் வெள்ளத்துக்குச் சாப்பாட்டுப் பொதி போட்ட கதையைத்தான் சொல்லிவிட்டுப் போயிருப்பான். அந்த டின்னை எனக்குப் பார்க்கத் தேவையில்லை. பார்த்தால், எங்கள் ஊர்ப் பெயரைச் சரியான எழுத்தில் எழுதியிருக்கிறானா என்று மட்டும் பார்ப்பேன்.


ரொறன்ரோ மாமா
புதன் காலை

தம்பி.


பழைய ஏர்மேன்
புதன் மதியம்

நான் பட்டன் பற்றி எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். தொழில்காரன் பேச்சு அது.

மேடத்துக்கு ஒரு தகவல் மட்டும். லாக் புக் அவர் கைப்பட எழுதியது, தவறு வரலாம். ஸ்குவாட்ரனின் தினப்பதிவு தனியாக உண்டு, ஃபார்ம் 540, 541 என்று. லண்டனில் க்யூ என்ற இடத்தில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 541இல் ஒவ்வொரு விமானமும் கிளம்பிய நேரம், இறங்கிய நேரம், குழுவில் யார் யார், என்ன குண்டு, எல்லாம் வரும். லிங்கனில் பாம்பர் கமாண்ட் நினைவு மையமும் இருக்கிறது. அங்கே செத்தவர்கள் பெயர்ப் பட்டியல் மட்டும் இல்லை, குண்டுக்குக் கீழே இருந்த ஜெர்மன், இத்தாலியர் வாய்மொழியையும் சேர்த்து வைக்கிறார்கள். அந்த அம்மாவுக்கு விருப்பம் இருந்தால் அங்கே எழுதிக் கேட்கலாம்.


தோட்டக்காரி
வெள்ளி இரவு

இவரும் மாமியும் நேற்று முழுக்கப் பேசினார்கள். மாமி அந்தப் பக்கத்தை அனுப்ப முதலில் சம்மதிக்கவில்லை. அப்பாவைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி இருக்கிறது என்றார். பிறகு இரவு பத்து மணிக்கு அவரே கூப்பிட்டு, அனுப்பு, ஆனால் கடைசிப் பக்கத்தையும் சேர்த்து அனுப்பு என்றார். பாண் பக்கத்தை. மாவுப் பக்கத்தை. இரண்டையும் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பியிருக்கிறேன்.

மகனுக்கு இரண்டும்தான் என்று சொன்னேன். 'எது முதல்?' என்றான். குண்டு என்றேன். சரி என்று விளையாடப் போய்விட்டான். மறுபடி வருவான், எனக்குத் தெரியும்.


ஹம் வாசி
சனி பின்னேரம்

அக்கா, கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டு கண்ணாடி மாற்றிப் பார்த்தா. நேரத்தைத்தான் முதலில் தேடினா. கிளம்பின நேரம் எழுதியிருந்த கட்டத்தில் விரலை வைத்து, இங்கே வந்து சேர எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேட்டா. சொன்னேன். மனதுக்குள் கூட்டிவிட்டு 'ஓம், சரி' என்றா, உருளைக்கிழங்கு சூப் அடுப்பில் இருந்த நேரம் என்று.

கடைசிப் பக்கத்தையும் பார்த்தா. அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. திரும்பவும் முன்பக்கத்தை எடுத்தா. பிறகு கொஞ்சம் கோபமாக, 'எங்கள் ஊருக்கு இரண்டு எம்' என்றா.

தேருக்கு வருவீர்களா என்று கேட்கிறா. புத்தகத்தையே கொண்டுவரட்டாம். திருத்த வேண்டுமாம்.


தோட்டக்காரி
சனி இரவு

இவரிடம் சொன்னேன். பேனாவா பென்சிலா என்று கேட்கிறார்.


ஹம் வாசி
சனி இரவு

பென்சில் என்றா. பச்சை இருந்தால் நல்லதாம்.